அத்தியாயம் 3: புணேக்காரர்களோடு பழகுவது

புணேயில் வேலை கிடைத்துவிட்டது என்றதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, “உனக்கு இந்தி வருமா?” என்பதுதான். இந்த அத்தியாயம் அதைச் சற்றுத் தள்ளிவைக்கிறது. அதைவிட உதவும் கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த ஊர்க்காரர்கள் எதை மரியாதை என்று எண்ணுகிறார்கள்?

நம் ஊரில் கடைக்காரர் “வாங்க, உட்காருங்க” என்று வரவேற்க வேண்டும். இல்லையென்றால் நமக்குச் சுருக்கென்று இருக்கும். புணேயில் அந்த உபசாரத்தை எதிர்பார்க்காதீர்கள். அங்கே மரியாதை வேறு மூன்று இடங்களில் இருக்கிறது: ஒருவரைச் சரியாகக் கூப்பிடுவது, சொன்ன நேரத்துக்கு வருவது, வாசலில் எழுதியிருப்பதை மதிப்பது. இவற்றைக் கற்றுக்கொண்டவரை ஊர் சீக்கிரமே தன் ஆளாக்கிக்கொள்ளும். கற்றுக்கொள்ளாதவருக்கோ புணே கடைசிவரை ‘வெட்டிப் பேசுகிற ஊர்’தான்.

எந்தப் புணேக்கு வருகிறீர்கள்?

புணே என்ற ஒரே பெயருக்குள் நான்கு ஊர்கள் இருக்கின்றன. எதில் குடியேறுகிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் அன்றாடம் மாறும்.

*பேட்டைகள்.* முட்டா ஆற்றை ஒட்டிய பழைய நகரம். சனிவார், சோம்வார், மங்கள்வார், புத்வார், குருவார், சுக்ரவார், ரவிவார் என்று கிழமைகளின் பெயர் கொண்ட பேட்டைகளும் கஸ்பா, சதாசிவ், நாராயண் பேட்டைகளும் இங்கே உள்ளன. பேஷ்வா முதலாம் பாஜிராவ் 1732இல் கட்டி முடித்த சனிவார் வாடா இதன் அடையாளம். நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் புணேக் குணத்தின் தாயகம் இதுதான். மாணவர்களுக்கு இங்கே தங்கும் அறைகள் கிடைக்கும். கார் நிறுத்த இடம் கிடைக்காது.

*கேம்ப்.* ஆங்கிலேயர் காலத்து ராணுவக் குடியிருப்பு. பார்சிகள், இரானிகள், போராக்கள், கிறிஸ்தவர்கள் கலந்து வாழும் பகுதி. இந்தியும் ஆங்கிலமும் எளிதாகச் செல்லும்.

*ஐ.டி. விளிம்புகள்.* மேற்கே ஹிஞ்சவடி, வாகட், பாணேர். கிழக்கே கராடி, விமான் நகர், மகர்பட்டா. பக்கத்து வீட்டுக்காரரும் உங்களைப் போலவே வெளியூர்க்காரராக இருப்பார். பல ஆண்டுகள் இங்கேயே வாழ்ந்தும் ஒரு மராத்தி வாக்கியம் பேசாதவர்கள் உண்டு. வசதிதான்; ஆனால் ஊரோடு ஒட்டாமலே போய்விடுவீர்கள்.

*பிம்ப்ரி-சிஞ்ச்வட்.* தனி மாநகராட்சி, தொழிற்சாலைகளின் ஊர். வண்டி எண் கூட வேறு: புணேக்கு எம்.எச்.12, இங்கே எம்.எச்.14.

தமிழ்க் குரல் கேட்க வேண்டுமென்றால் ராஸ்தா பேட்டைக்கும் கட்கிக்கும் தேஹு ரோட்டுக்கும் போங்கள். கட்கியில் 1869இல் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலையும், தேஹு ரோட்டில் உள்ள ராணுவக் கிடங்குகளும் தலைமுறைகளுக்கு முன்பே தமிழர்களை இழுத்துவந்தன. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மராத்தியில் கனவு காண்பவர்கள். வீட்டில் தமிழ் பேசுபவர்கள். புதிதாக வருபவருக்கு இவர்களைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

உங்கள் பெயர் என்ன ஆகும்

முதல் சிக்கல் விண்ணப்பப் படிவத்தில் தொடங்கும். மகாராஷ்டிரத்தில் முழுப்பெயர் என்றால் மூன்று பகுதி: தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர். குடும்பப் பெயருக்கு ‘ஆட்நாவ்’ என்பார்கள். அரசு, கல்லூரிப் படிவங்கள் பலவற்றில் ஆட்நாவ்தான் முதலில் வரும். திருமணமான பெண்ணுக்குத் தந்தை பெயர் இருந்த இடத்தில் கணவர் பெயர் வருவது வழக்கம்.

நம்மிடம் இருப்பதோ ஓர் இனிஷியல். அதை ஒரு படிவத்தில் அப்பா பெயராகவும், இன்னொன்றில் ஊர்ப் பெயராகவும், மூன்றாவதில் வெறும் எழுத்தாகவும் நிரப்பினால் பிறகு எந்த ஆவணமும் இன்னொன்றோடு பொருந்தாது. ரயிலேறும் முன்பே ஒரு முடிவுக்கு வாருங்கள்:

- பான் அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் இனிஷியலின் விரிவு ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஊரிலேயே திருத்துங்கள்.
- ஆட்நாவ் கட்டாயம் என்றால் அப்பா பெயரை இடுவதே தமிழர் பலரின் வழி. எதை இட்டாலும் எல்லா இடத்திலும் அதையே இடுங்கள்.
- பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கையில் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். குமாஸ்தா நல்லெண்ணத்தோடு வரிசையை மாற்றிவிடுவார்.

இதன் பக்க விளைவு ஒன்று: அலுவலகத்தில் உங்களை உங்கள் அப்பா பெயரால் கூப்பிடுவார்கள். அங்கே ஆட்நாவால் விளிப்பதுதான் மரியாதை என்பதால், கணேசன் மகன் செந்தில் ‘மிஸ்டர் கணேசன்’ ஆகிவிடுவார். ஒருமுறை விளக்குங்கள், மாறாவிட்டால் விட்டுவிடுங்கள்.

யாரை எப்படிக் கூப்பிடுவது

தமிழர்களுக்கு இது சிரமமே இல்லை. முன்பின் தெரியாதவரை அண்ணா, அக்கா என்று அழைத்துப் பழகியவர்கள் நாம், புணேயும் அப்படித்தான். ‘எக்ஸ்க்யூஸ் மீ’யை விட ஓர் உறவுச் சொல் சீக்கிரம் வேலை செய்யும்.

- *தாதா*: உங்கள் வயதை ஒட்டிய அல்லது சற்றே மூத்த ஆண். அண்ணன் என்ற பொருள். நம் சினிமா ‘தாதா’வை மறந்துவிடுங்கள்.
- *தாயி*: அக்கா வயதுப் பெண்.
- *காகா, காகூ*: சித்தப்பா, சித்தி முறை. நடுவயதைக் கடந்த ஆட்டோக்காரர், கடைக்காரர், பக்கத்து வீட்டுப் பெரியவர் எல்லோரும் காகாதான்.
- *மாவ்ஷி*: அம்மாவின் தங்கை முறை. காய்கறி விற்கும் பெண்ணையும் வீட்டு வேலைக்கு வருபவரையும் இப்படி அழைக்கலாம்.
- *ஆஜி, ஆஜோபா*: பாட்டி, தாத்தா.
- *வஹினி*: நண்பரின் மனைவி. அண்ணி முறை.
- *மாஸ்தர்*: பேருந்து நடத்துநர்.
- *மாமா*: போக்குவரத்துக் காவலருக்கு ஊரார் வைத்த பெயர். நீங்கள் அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டாம், ‘சாஹேப்’ போதும்.

உங்களை என்னவென்று அழைப்பார்கள்? பெரும்பாலும் ‘அண்ணா’. இட்லி விற்பவர் தொடங்கி மென்பொருள் மேலாளர் வரை தென்னாட்டு ஆண் எவரும் அங்கே அண்ணாதான். மலையாளியா, கன்னடரா, தெலுங்கரா என்ற கணக்கெல்லாம் பலரிடம் இல்லை.

நீங்கள் என்பதற்கு ‘தும்ஹி’, நீ என்பதற்கு ‘தூ’. வளர்ந்த பிள்ளைகளும் தாயைத் ‘தூ’ என்றும் தந்தையைத் ‘தும்ஹி’ என்றும் அழைப்பது நம் வீட்டு ‘நீ, நீங்க’ வழக்கத்தை ஒத்தது. வெளியாரிடம் எப்போதும் தும்ஹியில் தொடங்குங்கள். மாவ்ஷியிடமும்.

பெரியவர்களின் பெயரைச் சொல்லும்போது இன்னும் கவனம் தேவை. ‘சிவாஜி’ என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். ‘சிவாஜி மஹாராஜ்’ அல்லது ‘சத்ரபதி சிவாஜி மஹாராஜ்’ என்றே சொல்ல வேண்டும். அதேபோல் அம்பேத்கர் ‘பாபாசாஹேப்’. புணேயின் பீடே வாடாவில் 1848இல் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய ஜோதிராவ் புலே ‘மஹாத்மா புலே’. அவர் துணைவியாரின் பெயரைத்தான் புணேப் பல்கலைக்கழகம் தாங்கி நிற்கிறது. வாழ்த்துச் சொற்களும் ஆளுக்கு ஏற்ப மாறும். பொதுவாக ‘நமஸ்கார்’. ஒருவர் ‘ஜெய் பீம்’ என்றாலோ, வார்க்கரி யாத்திரிகர் ‘ராம் கிருஷ்ண ஹரி’ என்றாலோ, அதையே திருப்பிச் சொல்லுங்கள்.

விடைபெறும்போது ‘போகிறேன்’ என்று சொல்வது அங்கேயும் அபசகுனம். ஆண் ‘யேதோ’, பெண் ‘யேதே’. நாம் ‘வரேன்’ என்பது போல.

முதல் மாதத்துக்குப் போதுமான மராத்தி

இந்தி வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் யோசியுங்கள். இந்தி, மராத்தி இரண்டும் தெரியாதென்றால் நேராக மராத்திக்கே போவது நல்லது. தப்பும் தவறுமான மராத்திக்குக் கிடைக்கும் வரவேற்பு, சரளமான இந்திக்குக் கிடைப்பதில்லை. தாய்மொழிப் பற்று என்றால் என்ன என்று தமிழனுக்கு விளக்க வேண்டியதில்லை. ‘ள’கரம் நமக்குப் பிறவியிலேயே வரும், வடநாட்டவர் திணறும் சொற்களை முதல் நாளே சரியாகச் சொல்லிவிடுவீர்கள்.

- *கிதி?* – எவ்வளவு?
- *குடே?* – எங்கே? *இதே* – இங்கே. *திதே* – அங்கே.
- *ஹோ* – ஆமாம். *நாஹி* – இல்லை. *நகோ* – வேண்டாம்.
- *டாவீகடே* – இடப்பக்கம். *உஜவீகடே* – வலப்பக்கம். *ஸரள்* – நேராக.
- *தாம்பா* – நில்லுங்கள், பொறுங்கள்.
- *ஸுட்டே* – சில்லறை.
- *பாவ் கிலோ* – கால் கிலோ. *அர்தா கிலோ* – அரைக் கிலோ. *ஜூடி* – கீரைக் கட்டு.
- *களல நாஹி* – புரியவில்லை. *ஹளூ போலா* – மெதுவாகப் பேசுங்கள்.
- *மலா மராட்டி தோட தோட யேத* – எனக்குக் கொஞ்சம் கொஞ்சம் மராத்தி வரும்.

கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்கோ இந்திக்கோ மாறிக்கொள்ளலாம்; யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தேவநாகரி எண்கள் பத்தையும் ஒரு மாலையில் படித்துவிடுங்கள். மாநகரப் பேருந்துகளின் தட எண்கள் அவற்றில்தான் எழுதப்பட்டிருக்கும்.

கடிகாரமும் பலகையும்

பழைய பேட்டைகளில் மதியம் 1 மணி முதல் 4 மணி வரை கடை சாத்துவது ஊரறிந்த வழக்கம். பாகர்வடிக்குப் பேர்போன சித்தளே பந்து மிட்டாய்க் கடை இந்த மதியக் கதவடைப்புக்காகவே பல்லாண்டு நகைச்சுவைப் பொருளாக இருந்தது. அந்தக் கடையே பின்னர் வழக்கத்தை மாற்றிக்கொண்டாலும், சதாசிவ், நாராயண் பேட்டைகளின் சிறு கடைகளில் மதியத் தூக்கம் இன்னும் புனிதம்தான். அங்கே வாங்க வேண்டியதைக் காலையில் வாங்குங்கள், அல்லது ஐந்து மணிக்குப் போங்கள். அழைப்பு மணியை அடிப்பதும், தொலைபேசியில் அழைப்பதும் அந்த மூன்று மணி நேரத்தில் வேண்டாம்.

ஒருவர் வீட்டுக்குப் போவதென்றால் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். ‘இந்தப் பக்கம் வந்தேன், அப்படியே எட்டிப் பார்த்தேன்’ என்பது மதுரையில் பாசம், புணேயில் இடைஞ்சல். ஏழு மணி என்றால் ஏழு மணி. வந்தவருக்கு முதலில் தண்ணீர், பிறகு தேநீர். “தேநீர் குடித்துவிட்டுத்தானே வந்திருப்பீர்கள்?” என்று புணேக்காரர் விருந்தினரைக் கேட்பார் என்பது மற்ற மகாராஷ்டிரர்கள் சொல்லும் பழைய கேலி. கேட்டுச் சிரித்துக்கொள்ளுங்கள், நடப்பில் உங்களுக்குத் தேநீரும் போஹாவும் (அவல் உப்புமா) கிடைக்கும்.

அடுத்தது ‘புணேரி பாட்டி’ எனப்படும் பலகைகள். வாயிற்கதவிலும் கடைச் சுவரிலும் வீட்டுக்காரர் கைப்பட எழுதி மாட்டும் அறிவிப்புகள் இவை. வண்டியை இங்கே நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும், மணியை ஒருமுறை அடித்துவிட்டுப் பொறுக்கவும், முகவரி விசாரிக்கும் இடம் இதுவல்ல என்ற ரகத்தில் இருக்கும். மராத்தி இலக்கிய நையாண்டியின் தெருப் பதிப்பு என்று இவற்றைச் சேகரிப்பவர்களும் உண்டு. புதிதாக வந்தவர் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே: எழுதியிருப்பதைச் செய்வார்கள். காற்று நிஜமாகவே போய்விடும்.

நேரக் கணக்கில் இன்னொன்று வியாழக்கிழமை. பராமரிப்பு வேலைக்காகக் குழாய்த் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவதென்றால் பெரும்பாலும் அந்தக் கிழமையைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். முதல் நாள் நாளிதழில் அறிவிப்பு வரும். புதன் இரவே ஒரு வாளி பிடித்துவைப்பது புணேக் குடும்பங்களின் பழக்கம்.

வீடும் வாசலும்

மகாராஷ்டிரத்தில் வாடகை ஒப்பந்தம் ‘லீவ் அண்ட் லைசன்ஸ்’ என்ற வடிவில் இருக்கும். வழக்கமாக 11 மாதம். நம் ஊர் போல முத்திரைத் தாளில் கையெழுத்திட்டு அலமாரியில் வைத்துவிட்டால் போதாது. 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55ஆம் பிரிவுப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்யப்பட வேண்டும். பதிவுக்கு வீட்டு உரிமையாளரே பொறுப்பு. பதிவு செய்யாமல் பிறகு தகராறு வந்தால், வேறு சான்று இல்லாதபோது குடியிருப்பவர் சொல்லும் நிபந்தனையே செல்லும். ஆதாரும் கைரேகையும் கொண்டு வீட்டிலிருந்தே பதிவு செய்யும் இணைய வசதி உண்டு. அதற்கான முகவர் வீட்டுக்கே வருவார். பதிவுச் செலவை யார் ஏற்பது என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். குடிவந்தவர் விவரத்தைக் காவல் நிலையத்தில் பதிந்ததற்கான ரசீதின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

அடுக்ககங்கள் அங்கே பெரும்பாலும் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்கள், பேச்சில் ‘சொசைட்டி’. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர், செயலாளர், அறிவிப்புப் பலகை, ஆண்டுப் பொதுக்குழு எல்லாம் உண்டு. குடிபோன முதல் ஞாயிற்றுக்கிழமை செயலாளரை நேரில் பார்த்து நமஸ்கார் சொல்லிவிடுங்கள். சாமான் ஏற்றி இறக்கும் நேரம், வண்டி நிறுத்தும் இடம், துணி காயப்போடும் இடம் எல்லாவற்றுக்கும் விதி இருக்கும். திருமணமாகாதவர்களுக்கும் அசைவம் சமைப்பவர்களுக்கும் சில கட்டடங்களில் மறுப்பு சொல்வார்கள். முகவரிடம் முதலிலேயே உடைத்துக் கேட்டுவிட்டால் அலைச்சல் மிச்சம்.

குப்பையை ‘ஓலா’ (ஈரம்), ‘ஸுகா’ (உலர்) என்று பிரித்துக் கொடுங்கள். புணேயில் வீடு வீடாகக் குப்பை எடுப்பவர்களில் பெரும்பாலோர் ‘ஸ்வச்’ என்ற கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர்கள். குப்பை பொறுக்கி வாழ்ந்தவர்களே தங்களுக்காக அமைத்துக்கொண்ட சங்கம் அது. மாதக் கட்டணத்தை அவர்கள் கையிலேயே கொடுப்பீர்கள். அது தர்மம் அன்று, கூலி. அணையாடைகளைத் தாளில் சுற்றித் தனியாகக் கொடுப்பது அவர்கள் கைகளுக்கு நீங்கள் செய்யும் மரியாதை.

வீட்டு வேலைக்கு வரும் மாவ்ஷியோடு பேரம் பேசும்முன் ஒரு வரலாறு தெரிந்திருக்கட்டும். 1980இலேயே புணேயின் வீட்டுப் பணிப்பெண்கள் வேலைநிறுத்தம் செய்து சங்கம் கண்டவர்கள். என்னென்ன வேலை, எத்தனை பேருக்கு, மாதத்தில் எத்தனை நாள் விடுப்பு என்பதை முதல் நாளே பேசி முடிப்பார்கள். தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ். இது கேட்காமலே கொடுக்க வேண்டியது.

அடுப்பங்கரை

‘மண்டை’ எனப்படும் காய்கறிச் சந்தைக்குப் போனால் தேவைப்படும் பெயர்கள்: கறிவேப்பிலை *கடிபத்தா*, கொத்தமல்லி *கோதிம்பீர்*, கத்தரிக்காய் *வாங்கீ*, முருங்கைக்காய் *ஷேவ்கா*, சுரைக்காய் *தூதி*, பீர்க்கங்காய் *தோட்கா*, இஞ்சி *ஆலே*, புளி *சிஞ்ச்*, வெல்லம் *கூள்*, உப்பு *மீட்*, மோர் *தாக்*, அரிசி *தாந்தூள்*. மஹாத்மா புலே மண்டை என்ற பழைய கல் சந்தை நகரின் நடுவே இருக்கிறது. பாத்திரத்துக்குத் துளசிபாக், துணிக்கு லக்ஷ்மி ரோடு, புத்தகத்துக்கு அப்பா பல்வந்த் சௌக்.

சாதாரண மளிகைக் கடையில் இட்லி அரிசியும் புழுங்கலரிசியும் எளிதில் கிடைக்காது. சின்ன வெங்காயமும் அப்படியே. தென்னிந்தியர் அதிகம் வாழும் பகுதிகளில் கேரள, தமிழ்க் கடைகளைத் தேடிப் பிடியுங்கள். புணேயில் கிடைக்கும் இந்த்ராயணி அரிசி வாசனையானது, சற்றே குழையும். தயிர்சாதத்துக்குப் பொருத்தம், சாம்பாருக்கு அன்று. கெட்டியான ஃபில்டர் காபிக்குத் தவிப்பவர்கள் பொடியை ஊரிலிருந்தே கொண்டுவாருங்கள். மற்ற வேளைக்கு ‘அம்ருத்துல்ய’ கடைகள் இருக்கின்றன: பித்தளைப் பாத்திரத்தில் ஏலமும் இஞ்சியும் சேர்த்துக் கொதிக்கும் தேநீர். ராஜஸ்தானிலிருந்து வந்த குடும்பங்கள் தொடங்கிய இந்தக் கடைகள் இன்று புணேயின் அடையாளம்.

உணவகச் சாம்பார் இனிக்கும். திட்டாதீர்கள், அவர்களுடைய பருப்புக் குழம்பான ஆம்டியிலும் வெல்லம் உண்டு. காரம் வேண்டுமென்றால் முளைப்பயறு மிசளுக்குப் போங்கள். போஹாவுக்குச் சமூகப் பொருளும் உண்டு: பெண் பார்க்கும் நிகழ்ச்சிக்கே அங்கே ‘காந்தே போஹே’ என்று பெயர். நம் சொஜ்ஜி பஜ்ஜியின் இடத்தில் அங்கே வெங்காய அவல்.

தமிழர்களை அதிகம் குழப்புவது ‘உபவாஸ்’. ஏகாதசி, சங்கடஹர சதுர்த்தி, மகாசிவராத்திரி நாட்களில் சக ஊழியர் “இன்று உபவாஸ்” என்பார்; சற்று நேரத்தில் ஒரு தட்டு நிறைய ஜவ்வரிசிக் கிச்சடி சாப்பிடுவார். முரண்பாடு எதுவும் இல்லை. தானியமும் வெங்காயமும் பூண்டும் விலக்கு. ஜவ்வரிசி, உருளை, சர்க்கரைவள்ளி, நிலக்கடலை அனுமதி. அன்று அவருக்கு இட்லி நீட்டாதீர்கள். அந்த ஜவ்வரிசி எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சேலம், நாமக்கல் ஆலைகளிலிருந்துதான். மகாராஷ்டிரத்து விரத நாட்கள் நம் மரவள்ளி விவசாயியின் சந்தை. இதைவிட நல்ல பேச்சுத் தொடக்கம் உங்களுக்குக் கிடைக்காது.

ஆடி-ஆவணியை ஒட்டி வரும் ஷ்ராவண மாதத்தில் பல குடும்பங்கள் அசைவத்தைத் தொடாது. அலுவலக விருந்துக்கு நாள் குறிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

சாலையும் வானமும்

புணே இருசக்கர வண்டிகளின் ஊர். முகம் முழுவதையும் துப்பட்டாவால் சுற்றிக் கண்களை மட்டும் காட்டி ஸ்கூட்டரில் பறக்கும் பெண்களைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்; வெயிலுக்கும் புகைக்குமான கவசம் அது. ஆட்டோவில் மீட்டர் போடச் சொல்லலாம், போடுவார்கள்; நள்ளிரவுக்குப் பின் கூடுதல் கட்டணம். மெட்ரோ 2022 மார்ச் 6 அன்று தொடங்கியது. வனாஸ்-ராம்வாடி வழித்தடமும் பிம்ப்ரி-சிஞ்ச்வட்டிலிருந்து ஸ்வார்கேட் செல்லும் வழித்தடமும் டிஸ்ட்ரிக்ட் கோர்ட் நிலையத்தில் சந்திக்கின்றன. வீடு தேடும்போது இந்த இரு கோடுகளையும் வரைபடத்தில் வைத்துக்கொண்டு தேடுங்கள்.

தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டியைக் கொண்டுவருபவர்கள் கவனிக்க: வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். ஊர் ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்றை வாங்கிக்கொண்டு கிளம்புவது, பிறகு இரண்டு ஊருக்கும் அலைவதைத் தவிர்க்கும்.

மழை ஜூனில் வரும், செப்டம்பரோடு ஓயும். நம் ஐப்பசி, கார்த்திகை அடைமழை மாதங்களில் புணே வறண்டு குளிரத் தொடங்கியிருக்கும். குடையைவிட மழைக்கோட்டு உதவும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் 10 டிகிரியை ஒட்டி இறங்குவதுண்டு. சென்னைக்காரர்கள் கம்பளியோடு வாருங்கள்.

ஊரின் ஆண்டுச் சுற்று

*மகர சங்கராந்தி.* நமக்குப் பொங்கல். எள்ளுருண்டையைக் கொடுத்து, இனிமையாகப் பேசுங்கள் என்று வாழ்த்துவார்கள். அன்று அவர்கள் கறுப்பு உடை உடுத்துவார்கள். குளிர்கால விழா என்பதால் கறுப்பு அன்று மங்கலம். பெண்களை ‘ஹள்தி குங்கூ’வுக்கு அழைத்தால் போய்வாருங்கள், நம் வெற்றிலை பாக்குப் போலச் சிறு பரிசும் கொடுப்பார்கள்.

*சிவ ஜயந்தி.* பிப்ரவரி 19. ஊர்வலங்களால் சாலைகள் நிறையும்.

*பால்கி.* ஜூன் அல்லது ஜூலையில் ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வர் பல்லக்கும் தேஹுவிலிருந்து துகாராம் பல்லக்கும் பண்டரிபுரம் நோக்கிப் புறப்பட்டு, வழியில் புணேயில் தங்கும். லட்சக்கணக்கான வார்க்கரிகள் நடந்து வருவார்கள். ஒருவரையொருவர் ‘மாவுலி’, அதாவது தாயே, என்று அழைத்துக் காலைத் தொடுவார்கள். சாலைகள் மூடப்படும் என்று புலம்பாமல் ஒரு நாள் ஓரமாக நின்று தண்ணீர் கொடுங்கள். பல அலுவலகங்களே அதைச் செய்கின்றன.

*கணேசோத்சவம்.* 1893 முதல் திலகர் பொதுவிழாவாக வளர்த்தெடுத்தது. கஸ்பா, தாம்ப்டி ஜோகேஸ்வரி, குருஜி தாலீம், துளசிபாக், கேசரி வாடா ஆகிய ஐந்தும் ‘மானாச்சே’ (முதல் மரியாதைக்குரிய) கணபதிகள்; இதே வரிசையில்தான் விசர்ஜன ஊர்வலத்தில் செல்லும். ஊர்வலம் முடிய ஒரு நாளுக்கும் மேல் ஆகும். டோல்-தாஷா முழக்கத்தை நெருங்கி நின்று கேட்க ஆசைப்பட்டால் காதில் பஞ்சு வையுங்கள். ‘மண்டல்’ எனப்படும் விழாக் குழு இளைஞர்கள் ‘வர்கணி’ என்று நன்கொடை கேட்டு வருவார்கள். முடிந்ததைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். நண்பர் வீட்டுக் கணபதியைப் பார்க்கப் போனால் பூவோ இனிப்போ கொண்டுபோங்கள். ஆரத்தி நடக்கும்போது கூடவே நின்று கைதட்டுங்கள். அவர்கள் தரும் ‘உகடீச்சே மோதக்’ நம் கொழுக்கட்டையேதான்.

பிள்ளையார் விஷயத்தில் ஒரு குடும்ப வேறுபாடு உண்டு. நம் பிள்ளையார் பிரம்மச்சாரி, முருகனுக்கு இரு தேவியர். அங்கே கணபதிக்கு ரித்தி, சித்தி என இருவர், கார்த்திகேயர்தான் பிரம்மச்சாரி. பார்வதி குன்றில் உள்ள கார்த்திகேயர் சன்னிதிக்குப் பெண்கள் போவதில்லை என்ற மரபும் இதனால் வந்தது. சஷ்டி விரதம் இருக்கும் தமிழ்ப் பெண்களுக்கு இது புதிராக இருக்கும். அங்கே வாதிட வேண்டாம். தமிழர் வாழும் பகுதிகளில் நம் முறைப்படியான கோயில்கள் இருக்கின்றன.

*தசராவும் தீபாவளியும்.* தசராவன்று ஆப்டா இலையைப் ‘பொன்’ என்று சொல்லிக் கொடுத்து, பெரியவர்கள் காலில் விழுவார்கள். தீபாவளி நமக்கு ஒரு விடியற்காலை. அங்கே பல நாள். நரக சதுர்த்தசி எண்ணெய்க் குளியல் பொது. அதன்பின் லக்ஷ்மி பூஜை, பாட்வா, அண்ணன் தங்கைக்கான பாவ்பீஜ். வாசலில் ஆகாச விளக்குத் தொங்கும். குழந்தைகள் மண்ணால் கோட்டை கட்டி மேலே சிவாஜி மஹாராஜைச் சிறு பொம்மையாக அமர்த்துவார்கள். அதிகாலையில் இசைக் கச்சேரி கேட்கப் போவதும் வழக்கம். இசை விரும்பிகள் டிசம்பருக்கு ஒரு விடுப்பை ஒதுக்கிவையுங்கள்: பீம்சேன் ஜோஷி தன் குருவின் நினைவாக 1953இல் தொடங்கிய சவாய் கந்தர்வ விழா அப்போதுதான். நம் மார்கழி சபாக்களைப் போலவே சிற்றுண்டிக்கும் அங்கே தனிக் கூட்டம் உண்டு.

பேச்சு தடைப்படும்போது

அறிமுகம் ஆன புதிதில் என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் தஞ்சாவூரைத் தொடுங்கள். சிவாஜி மஹாராஜின் தம்பி வெங்கோஜி 1670களில் தொடங்கிய மராத்திய அரசு, 1855 வரை தஞ்சையில் நீடித்தது. மஹாராஜின் மகன் ராஜாராம் முகலாயப் படையிடமிருந்து தப்பி வந்து தங்கியது நம் செஞ்சிக் கோட்டையில். புணேப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செஞ்சி ‘ஜிஞ்ஜி’யாகத் தெரியும், தஞ்சை ‘தஞ்சாவர்’. இன்றும் தஞ்சையில் வீட்டுக்குள் மராத்தி பேசும் குடும்பங்கள் இருக்கின்றன என்று சொன்னால், எந்தக் காகாவும் நாற்காலியை உங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

முதல் மாதத்துக்கான பட்டியல்

1. எல்லா ஆவணங்களிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று சரிபார்த்தல்.
2. வாடகை ஒப்பந்தத்தின் பதிவு எண்ணையும் நகலையும் கையில் வாங்குதல்.
3. சொசைட்டிச் செயலாளரையும் இரு பக்கத்து வீட்டாரையும் நேரம் கேட்டுக்கொண்டு சந்தித்தல்.
4. தேவநாகரி எண்கள் பத்து, மேலே உள்ள மராத்திச் சொற்கள் அனைத்தும்.
5. அருகில் உள்ள புழுங்கலரிசிக் கடை, மருத்துவமனை, மெட்ரோ நிலையம் மூன்றையும் நடந்து போய்ப் பார்த்தல்.
6. ஓலா, ஸுகா என இரண்டு குப்பைக் கூடைகள்.
7. தீபாவளிக்கு ஊருக்குப் போக ரயில் முன்பதிவு. நாகர்கோவில், சென்னை, கோவை செல்லும் வண்டிகள் மும்பையிலிருந்தே நிரம்பி வரும். முன்பதிவு திறக்கும் நாளிலேயே எடுத்துவிடுங்கள். மாவ்ஷியின் போனஸைக் கிளம்பும்முன் கொடுத்துவிடுங்கள்.